டேட்டே சித்தி

எங்கள் வீட்டு பீரோவில் ரேஷன் கார்டு, பட்டா நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு ஆங்கிலக் கதைப் புத்தகமும் கிடக்கிறது. மெலிசானது. அட்டையில் ஒரு சிறுமி, இரண்டு ஆடுகள், பின்னால் பனி மூடிய மலை. உள்ளே முதல் பக்கத்தில் நீல மையில் என் பெயர், அதற்குக் கீழே "ஏழாம் வகுப்பு, பேச்சுப் போட்டி, இரண்டாம் பரிசு, 1995". புத்தகத்தின் பெயர் ஹைடி.

தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்த கிராமத்துப் பிள்ளைக்கு எதற்காக ஆங்கிலக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. விற்காததைக் கடைக்காரர் தலையில் கட்டியிருப்பார். முதல் பரிசு வாங்கியவளுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அந்த டிபன் பாக்ஸை நினைத்து நினைத்து ஒரு வாரம் அழுதேன். புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தால், வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். படம் பார்த்ததோடு சரி.

தாத்தாவிடம் அட்டையைக் காட்டினேன். பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் அவருக்குப் பதினைந்து இருபது வெள்ளாடுகள் இருந்தன. எங்கள் பக்கத்து ஆடு சேலம் கருப்பு. உடம்பு முழுக்கக் கருப்பு, காது இலை மாதிரி தொங்கும். அவர் படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "காது நட்டுக்கிட்டு நிக்குது பாரு. நம்ம ஆடு இல்ல. மடியப் பாரு, பாலுக்கு வளக்கற ஆடு" என்றார். அந்தச் சிறுமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் புத்தகம் குறித்து எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான், அது சரியாகவும் இருந்தது.

இந்த வருஷம் மாசியில் மகளுக்குச் சான்றிதழ் தேடியபோது புத்தகம் வெளியே வந்தது. "அம்மா, இத நீ படிச்சிருக்கியா?" என்றாள். படித்திருக்கிறேன் என்றேன். "கடைசில என்ன ஆகும்?" என்றாள். நாற்பத்து மூன்று வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது ஒரு மாதிரியாக இருந்தது. அடுத்த நாள் காலை புத்தகத்தை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர். தினமும் போய்வருகிறேன், கணக்கு வேலை. சூளகிரி வருவதற்குள் புத்தகம் முடிந்துவிட்டது. அனாதைச் சிறுமி, கெட்ட சித்தி, முரட்டுத் தாத்தா, பணக்கார நோயாளிச் சிநேகிதி, கடைசியில் எல்லோருக்கும் நல்லது. இவ்வளவுதானா? இதற்காகவா முப்பது வருஷம் ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்திருந்தோம் என்று இருந்தது. பிறகு போனில் தேடினேன். என் கையில் இருப்பது சுருக்கம், அதுவும் ரொம்ப இரக்கமில்லாத சுருக்கம் என்று தெரிந்தது. முழுப் புத்தகம் இதைப்போலப் பல மடங்கு. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த மூன்று வாரம், போக வர, அதுதான்.

யோஹன்னா ஸ்பைரி என்கிற சுவிட்சர்லாந்துப் பெண் ஜெர்மன் மொழியில் எழுதியது. முதல் பாகம் 1880, இரண்டாவது 1881. முதல் பாகம் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. அதில் அவர் பெயரே போடவில்லை. இதெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்பே, முதல் அத்தியாயத்திலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

ஜூன் மாத வெயில். மையன்ஃபெல்ட் என்ற சிறு ஊரிலிருந்து மலை ஏறும் பாதையில் ஒரு இளம்பெண் ஐந்து வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். குழந்தையின் முகம் சிவந்து வேர்த்துக் கொட்டுகிறது. ஏனென்றால் அவளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக உடுப்புகளைப் போட்டு, மேலே ஒரு சால்வையும் சுற்றியிருக்கிறார்கள். தினசரி உடுப்பு, அதன் மேல் ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. எதற்கு? கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டாமே என்று. என் சுருக்கப் புத்தகத்தில் இந்தக் காரணம் இல்லை, வேர்வை மட்டும் இருந்தது. பஸ்ஸில் நான் போனை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடு ஏற்றிய டெம்போக்கள் கூட்ரோட்டில் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

அந்த இளம்பெண்தான் டேட்டே. குழந்தையின் அம்மாவுக்குத் தங்கை, நம் முறையில் சித்தி. ஹைடியின் அப்பா தச்சர். உத்தரம் விழுந்து செத்தார். அந்த அதிர்ச்சியில் அம்மாவும் கொஞ்ச நாளில் போய்விட்டாள். பாட்டி வளர்த்தாள், பாட்டியும் போனாள். டேட்டே ஒரு பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். குழந்தையை ஒரு காது கேளாத கிழவியிடம் காசு கொடுத்து விட்டு வைத்திருந்தாள். இப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. குழந்தையைக் கொண்டுபோக முடியாது. மலைமேல் தனியாக இருக்கும் தாத்தாவிடம், அதாவது ஊரே பயப்படும் ஒரு மனிதரிடம், கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருகிறாள்.

குழந்தையாக இருந்து படித்திருந்தால் நான் ஹைடியோடு மலை ஏறியிருப்பேன். வைக்கோல் படுக்கை, தலைமாட்டில் வட்ட ஜன்னல், அதில் தெரியும் நட்சத்திரம். தாத்தா நீளமான இரும்புக் கம்பியில் பெரிய பாலாடைக்கட்டித் துண்டைக் குத்தி நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டுவார், நாலா பக்கமும் பொன்னிறமாகும் வரை. அதைச் சுடச்சுட ரொட்டிமேல் தடவிக் கொடுப்பார். பக்கத்தில் ஒரு கிண்ணம் ஆட்டுப்பால். அந்த இடத்தைப் படிக்கும்போது இந்த வயதிலும் பசிக்கிறது. ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை, கீழே இறங்கி ஓடுகிற டேட்டேயின் பின்னாலேயே போய்விட்டது.

அவள் இறங்கி வரும்போது வழியில் ஊர்க்காரர்கள் வாசலிலும் ஜன்னலிலும் நின்று, "குழந்தை எங்கே, குழந்தையை எங்கே விட்டாய்" என்று கேட்கிறார்கள். மலைமேல் இருக்கிறாள் என்று எரிச்சலோடு கத்திவிட்டு இன்னும் வேகமாக நடக்கிறாள். மனசுக்குள் உறுத்துகிறது. சாகிற நேரத்தில் இவளுடைய அம்மா அந்தக் குழந்தையை இவளிடம்தான் ஒப்படைத்தாள். கையில் நல்ல சம்பளம் வந்தால் பிள்ளைக்கு ஏதாவது செய்யலாம் என்று சொல்லித் தன்னைத்தானே சமாதானம் செய்துகொள்கிறாள். இரண்டே வரிதான். சுருக்கியவர் வெட்டி எறிந்ததும் இந்த வரியைத்தான். அதை எடுத்துவிட்டால் டேட்டே ஒரு ராட்சசி. வைத்துக்கொண்டால் வேலை தேடிப்போகும் ஒரு பெண்.

சரி, என் சித்தியைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் எழுத முடியாது.

1987. எனக்கு ஐந்து வயது. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள், அம்மா சித்தாள். எந்தக் கட்டடம் எழும்புகிறதோ அதன் பக்கத்திலேயே தகரக் கொட்டகை, அதுதான் வீடு. அங்கே வேறு ஒரு வீட்டுப் பிள்ளை தண்ணீர்த் தொட்டிக் குழிக்குள் விழுந்து, நல்லவேளை பிழைத்தது. அதைப் பார்த்தபிறகு அம்மாவுக்குக் கைகால் ஓடவில்லை. என்னை ஊருக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். கூலி போய்விடுமே என்று அம்மா வரவில்லை. வீட்டு வேலை செய்துகொண்டிருந்த சித்தி ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். தருமபுரி வந்து, அங்கிருந்து பென்னாகரம் பஸ், அப்புறம் நடை. மஞ்சள் பையில் என் இரண்டு கவுன், ஒரு பன் பாக்கெட். வாசலில் தாத்தா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். "வளக்க வக்கில்லாதவங்க எதுக்குப் பெத்தீங்க" என்றார். சித்தி பதிலே பேசவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் புளியமரம் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் திரும்பாத முதுகை முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நான் மறக்கவில்லை. சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது என்பதைப் புத்தகத்தை மூடிவைத்து, விரல் விட்டு எண்ணித்தான் கண்டுபிடித்தேன். எங்கள் ஆபீசுக்கு டேட்டா என்ட்ரிக்கு வரும் பெண்களைவிடச் சின்னவள்.

தாத்தாவோடு இருந்த வருஷங்கள் சுகமானவை. அதை அளவாகத்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிராமப் பெருமை ஆகிவிடும். தொரட்டியில் அவர் வேலங்காய் இழுத்துப் போடுவார், நான் குட்டிகளுக்குப் பொறுக்கிப் போடுவேன். ராத்திரி களியும் கொள்ளுக் கடைசலும். ஹைடியில் ஆடு மேய்க்கிற பையன் பீட்டரின் கண் தெரியாத பாட்டிக்குக் கறுப்பு ரொட்டி கடிக்க முடியாது, மெத்தென்ற வெள்ளை ரொட்டிக்கு ஏங்குவாள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. பல் போனவர்களுக்குக் களியைப்போல ஒரு சாப்பாடு உலகத்தில் கிடையாது. களியை மெல்லுவதே தப்பு, உருட்டி விழுங்க வேண்டும். அந்தப் பாட்டி பென்னாகரத்தில் பிறந்திருந்தால் கதையில் கால்வாசி குறைந்திருக்கும்.

ஹைடிக்கு எட்டு வயதாகும்போது டேட்டே திரும்ப வருகிறாள். இறகு வைத்த தொப்பி, தரையைக் கூட்டிக்கொண்டு போகிற நீளப் பாவாடை. ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்க முடியாத ஒரு பணக்காரப் பெண்ணுக்குத் துணை வேண்டுமாம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாததற்கு வழக்குப் போடுவேன் என்று கிழவரை மிரட்டுகிறாள். பிடிக்காவிட்டால் உடனே திரும்பிவிடலாம், வரும்போது பாட்டிக்கு வெள்ளை ரொட்டி வாங்கி வரலாம் என்று குழந்தையிடம் பொய் சொல்லிக் கூட்டிப்போகிறாள். அங்கே போனால் வீட்டை நிர்வகிக்கும் ரோட்டன்மையர் அம்மாள் கேட்கிறாள்: என்ன வயது? பன்னிரண்டு வயதுப் பெண்தானே கேட்டிருந்தோம்? டேட்டே மழுப்புகிறாள், கணக்கு சரியாக நினைவில்லை, பத்து இருக்கலாம் என்கிறாள். எனக்கு எட்டுதான் என்று ஹைடி போட்டு உடைக்கிறாள். அடுத்த கேள்வி வருவதற்குள் டேட்டே படி இறங்கிவிடுகிறாள்.

பெண்பிள்ளைகளை வேலைக்குக் கூட்டிப்போனவர்கள் எங்கள் பக்கம் சொன்ன முதல் பொய்யும் வயதுதான்.

சித்தி என்னை அழைக்க வந்தது 1991. அவளுக்கு இறகுத் தொப்பி இல்லை. பூனம் சேலை, கையில் வாட்ச். அந்த வாட்ச் ஓடவில்லை என்று பஸ்ஸில்தான் பார்த்தேன். "பாப்பாவப் பாத்துக்கிட்டா போதும், பள்ளிக்கூடமும் அங்கயே சேத்துருவாங்க." எனக்கு ஒன்பது வயது, அங்கே பன்னிரண்டு என்று சொன்னாள். பள்ளிக்கூடம் என்ற பேச்சே வரவில்லை. அந்த வீட்டார் அடிக்கவில்லை, சாப்பாடும் போட்டார்கள். ஆனால் யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. விடியற்காலை எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன்னால் கேட் ஓரம் போய் உட்கார்ந்துகொள்வேன். தெரு முனையில் மெயின் ரோடு. அதில் போகிற பஸ்களில் எது தருமபுரி பஸ் என்று சத்தத்திலேயே தெரியும் என்று நம்பினேன்.

அதனால் ஃபிராங்க்ஃபர்ட் அத்தியாயங்களை என்னால் ஒரேயடியாகப் படிக்க முடியவில்லை. மலை தெரியுமா என்று பார்க்க ஹைடி தேவாலயக் கோபுரத்தில் ஏறுகிறாள். கூரைகளும் புகைபோக்கிகளும்தான் தெரிகின்றன. பாட்டிக்கென்று ரொட்டிகளை அலமாரியில் சேர்த்துச் சேர்த்து வைக்கிறாள், ரோட்டன்மையர் கண்டுபிடித்து எறியச் சொல்கிறாள். பிறகு அந்த வீட்டில் பேய் வருகிறது. ராத்திரி பூட்டிய வாசல் கதவு காலையில் திறந்து கிடக்கிறது. வீட்டுக்காரர் துப்பாக்கியோடு காவல் இருக்கிறார், துணைக்கு அவருடைய சிநேகிதரான டாக்டர். வெள்ளை உடுப்பில் நிற்கிற பேய் ஹைடி. தூக்கத்தில் நடந்து வந்திருக்கிறாள். டாக்டர் கேட்கக் கேட்கச் சொல்கிறாள்: தினமும் தாத்தா வீட்டில் இருப்பதாகக் கனவு வரும், வெளியே மரங்கள் இரையும், நட்சத்திரம் பார்க்க ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன், விழித்தால் ஃபிராங்க்ஃபர்ட்.

இதற்கு மருந்தில்லை, உடனே மலைக்கு அனுப்பு என்கிறார் டாக்டர். கதைக்காகச் சொன்னதல்ல அது. ஊர் நினைப்பை ஒரு வியாதியாகவே எழுதியிருக்கிறார்கள் சுவிட்சர்லாந்தில். யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688-இல் பேசல் நகரில் இதைப் பற்றி ஆய்வேடே எழுதி, 'நாஸ்டால்ஜியா' என்று பெயரும் வைத்தார். எங்கள் ஆயாக்கள் ஆய்வேடு எழுதவில்லை. "புள்ள ஏங்கிப் போச்சு" என்பார்கள். மெலிந்து, சோறு இறங்காமல், சும்மா சும்மா அழுதால் அது ஏக்கம். வேப்பிலை அடித்துப் பார்ப்பார்கள், கேட்காவிட்டால் கொண்டுபோய் அம்மாவிடம் விடுவார்கள். ஃபிராங்க்ஃபர்ட் டாக்டரும் அதைத்தான் செய்தார்.

ஆனால் யார் கொண்டுபோய் விடுவது? வீட்டுக்காரர் டேட்டேயைக் கூப்பிட்டு விடுகிறார். அவள் இன்று முடியாது, நாளையும் முடியாது, அதற்கப்புறம் சுத்தமாக முடியாது என்கிறாள். கிழவரின் முகத்தில் விழிக்கப் பயம். வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடுகிறது, வேலைக்காரர் செபாஸ்டியனை அனுப்புகிறார். டேட்டே அந்த இடத்தோடு கதையைவிட்டுப் போகிறாள்.

கல் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்ததோ என்னவோ, அன்று பஸ் ரொம்ப மெதுவாகப் போனது. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் மறந்தே போயிருந்த ஒன்று மேலே வந்தது. என்னைக் கொண்டுபோய் விட்டது யார்? பெங்களூரிலிருந்து நான் எப்படி ஊருக்கு வந்தேன்?

சித்திதான். நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தாள். நான் கேட் ஓரம் உட்கார்ந்திருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றளவு பார்ப்பது மாதிரி விரலால் வளைத்துப் பார்த்தாள். உள்ளே போனாள், சத்தமாகப் பேச்சு கேட்டது, வெளியே வந்தாள். "கெளம்பு." அவ்வளவுதான். அந்த வீட்டாரின் சொந்தக்காரர் வீட்டில்தான் அவளுக்கும் வேலை. அந்த வேலையும் அன்றே போயிற்று என்பது எனக்குப் பல வருஷம் கழித்து அம்மா பேச்சுவாக்கில் சொல்லித் தெரிந்தது. கேட்டும், என் ஞாபகத்தில் அந்தப் பகுதி ஒட்டவே இல்லை. விட்டுவிட்டுப் போன முதுகு மட்டும்தான் ஒட்டியிருந்தது. தாத்தா வீட்டு வாசலில் இரண்டாவது முறையும் அவள் நின்றிருக்க வேண்டும், திட்டும் வாங்கியிருக்க வேண்டும். நான் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க ஓடியிருப்பேன்.

இரண்டாம் பாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டின் அந்த நடக்க முடியாத பெண் கிளாரா மலைக்கு வருகிறாள், பீட்டர் பொறாமையில் அவளுடைய சக்கர நாற்காலியை மலைச் சரிவில் உருட்டிவிடுகிறான், அவள் நடக்கப் பழகிவிடுகிறாள். என் பெரியப்பா மகனுக்குப் போலியோ. காலிப்பர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். ஆட்டுப்பாலும் மலைக்காற்றும் அவனுக்கும் குறையில்லாமல் கிடைத்தன. அதனால் அந்த அத்தியாயத்தில் கண் கலங்க எனக்கு முடியவில்லை. பீட்டர் விஷயம் பரவாயில்லை. போலீஸ் வரப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறான். கிளாராவின் பாட்டியோ மன்னித்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாள். சந்தையில் பார்த்த விசிலையும் கத்தியையும் யோசித்துவிட்டு, ஒரு சில்லறைக் காசு கேட்கிறான் பையன். ஆயுள் முழுக்க வாரம் ஒரு காசு என்று உயிலில் எழுதி வைப்பதாகச் சொல்கிறாள். ஆடு மேய்க்கிற பையனுக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றாது என்பதும் அவர்களுக்கு அதற்கு மேல் கொடுக்கத் தோன்றாது என்பதும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

கடைசியில் டேட்டேயைத் தேடினேன். எல்லோருக்கும் பங்கு பிரிக்கிறார் ஸ்பைரி. தாத்தாவுக்கு ஊரோடு சமாதானம், பாட்டிக்கு மெத்தை, டாக்டருக்கு மலையடியில் வீடு. டேட்டேக்கு ஒரு வரி இல்லை.

பங்குனியில் ஊருக்குப் போனபோது சித்தி திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓடு உடைத்த பழங்கள் ஒரு பக்கம் குவியல், நார் ஒரு பக்கம். தட்டைக் கல்லில் பழத்தை வைத்துச் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு, விரலால் ஒரு அழுத்து, கொட்டை தெறித்து முறத்தில் விழும். விரல் நுனிகள் கறுத்து, நகத்தோரம் வெடித்திருந்தது. கிலோ கணக்கில் கூலி. வியாபாரி வண்டி வாரம் ஒருமுறை வரும். நானும் ஒரு கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புத்தகம் படித்தேன் என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். அக்கா மகளை மலைக்குக் கொண்டுபோய் விடுகிற இடத்தில் அவள் கை நிற்கவில்லை. வயதைக் கூட்டிச் சொன்ன இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தாள்.

"எத்தன ஆடு வெச்சிருந்தான் அந்தக் கெழவன்?"

"ரெண்டு."

"ரெண்டு ஆட்ட வெச்சுக்கிட்டா அவ்ளோ கோவம்?" என்றாள். பிறகு நாலைந்து பழம் தட்டிவிட்டு, "கூட்டிட்டுப் போனாளே அந்தச் சித்திக்காரி, அவ அப்புறம் என்ன ஆனா?"

"அது கதைல இல்ல சித்தி."

"அந்த வீட்டு வேல?"

"அதுவும் இல்ல."

சித்தி சுத்தியைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்தாள். "நீ தட்டறது கொட்டையோட போவுது பாரு. அழுத்தி எடு" என்று என் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபடி ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். ஆறரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.